புலி ஏன் செத்தது என்று கேட்ட பிள்ளைகளுக்காக: பெங்களூருத் தமிழ் வகுப்புகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூருவில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புகளை நடத்தும் சங்கத்தார், அடுக்ககக் குழுவினர், என்னைப் போலவே சாக்பீஸ் பிடித்து நிற்கும் தோழர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

இந்தப் பொங்கல் விழாவின் நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக இருந்த நாடகம் விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது நீக்கப்பட்டது. பதினொரு பிள்ளைகள் ஆறு வாரம் ஒத்திகை பார்த்த நாடகம். நீக்கியவர்கள் யார் என்று எழுதப்போவதில்லை. விழாவன்று ஒரே பந்தியில் உட்கார்ந்துதான் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம். அவர்கள் சொன்ன காரணத்தை மட்டும் இங்கே வைக்கிறேன்: "தமிழ் விழாவில் கன்னடக் கதை எதற்கு?"

நியாயமான கேள்விதான். அன்றைக்கே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. கோபம் வந்தால் வாயடைத்துப் போகும் இனம் நான். வார நாட்களில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஒன்பது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் அல்சூரில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தத் தகுதியில் இப்போது பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நாடகம் புண்யகோடியின் கதை. கர்நாடகத்தில் பள்ளிக்கூடம் போன அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த 'கோவின ஹாடு', அதாவது பசுவின் பாட்டு. மேய்ச்சலிலிருந்து திரும்பும் புண்யகோடி என்ற பசுவை அர்புதன் என்ற புலி மறிக்கிறது. கன்றுக்கு ஒருமுறை பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று பசு வாக்குக் கொடுக்கிறது. வீட்டுக்குப் போகிறது, பால் கொடுக்கிறது, கன்றை மற்றப் பசுக்களிடம் ஒப்படைக்கிறது, சொன்னபடி புலியிடம் திரும்பி வருகிறது. புலி வெட்கிப்போகிறது. நீ என் கூடப்பிறந்த அக்கா, உன்னைத் தின்று நான் எதைக் காணப்போகிறேன் என்று சொல்லி உயிரை விட்டுவிடுகிறது.

இதை நான் வகுப்புக்குத் திட்டமிட்டுக் கொண்டுவரவில்லை. ஒரு பையன், வயது பத்து. தமிழ் வாசிக்கச் சொன்னால் எழுத்தெழுத்தாகத் தடவுவான். 'ழ' வரும் இடத்தில் நின்றேவிடுவான். ஒரு ஞாயிறு அவன் பையிலிருந்து பள்ளிக் கன்னடப் புத்தகம் கீழே விழுந்தது. எங்கே, வாசி பார்ப்போம் என்றேன். எழுந்து நின்று, புத்தகத்தைப் பாராமலே, ராகத்தோடு பாடினான்:

"சத்யவே நம்ம தாயி தந்தெ, சத்யவே நம்ம பந்து பளக, சத்ய வாக்யகெ தப்பி நடெதரெ மெச்சனா பரமாத்மனு."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் வகுப்பில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறவன்.

கரும்பலகையில் அந்த வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, எத்தனை சொற்கள் தமிழாகத் தெரிகின்றன என்று கேட்டேன். தாய், தந்தை, தப்பி, நடந்தால் என்று வரிசையாக வந்தன. 'மெச்சனா' மட்டும் தட்டியது. கடைசி வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, "மிஸ், பாட்டி என்னிடம் 'உன்னை நீயே மெச்சிக்கொள்ளாதே' என்பார்களே, அதுவா?" என்றாள். அதுவேதான்: சத்திய வாக்குத் தவறி நடந்தால் பரமாத்மா மெச்சமாட்டான். மெச்சுதல் என்ற தமிழ்ச் சொல் அந்த அறைக்குள் கன்னடப் பாட்டின் வழியாக வந்து உட்கார்ந்தது. அடுத்து ஹுலி புலியானது, ஹாலு பாலானது, ஹல்லு, ஹூவு, ஹத்து, ஹெண்ணு எல்லாம் 'ப'வைத் திரும்பப் பெற்றன. பழங்கன்னடத்தில் அவையும் பகரத்தோடுதான் இருந்தன, பிற்காலத்தில்தான் ஹகரமாயின என்று சொன்னபோது, அன்று முழுக்க ஒருவரை ஒருவர் ஹகரம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பத்மா ஹத்மா ஆனாள். இலக்கண வகுப்பில் இவ்வளவு சத்தம் நான் கேட்டதில்லை.

பிள்ளைகளுக்குத் தமிழே தகராறு, இதில் கன்னடத்துக்கு ஏது நேரம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தக் காட்சிதான். 2015ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இங்குள்ள பள்ளிகளில் கன்னடம் கட்டாயம். நம் பிள்ளைகளுக்குக் கன்னடம் ஏற்கெனவே வருகிறது, பெற்றோரைவிட நன்றாகவே வருகிறது. ஆனால் கோடிட்ட இடத்தை நிரப்பி மதிப்பெண் வாங்கும் பாடமாக மட்டும் வருகிறது. பள்ளியில் கன்னடம் தமிழை எட்டிப் பார்ப்பதில்லை. நம் வகுப்பில் தமிழ் கன்னடத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே பிள்ளையின் தலைக்குள் சுவர் எழுப்பிக்கொண்டு குடியிருக்கின்றன.

சரி, சொற்கள் ஒட்டின. பிறகுதான் விஷயம் சூடு பிடித்தது. இது மனுநீதிச் சோழன் கதைதானே மிஸ் என்றாள் ஒருத்தி. பசு இருக்கிறது, கன்று இருக்கிறது, நியாயம் இருக்கிறது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மணியடித்து முடித்திருப்பேன். அதற்குள் வேறொரு பையன் மறுத்தான்: "அந்தக் கதையில் பசு மணி மட்டும்தான் அடிக்கும். ராஜாதான் எல்லாம் செய்வார். இதில் ராஜாவே இல்லை." அவன் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. திருவாரூரில் கன்றை இழந்த பசு அரண்மனை வாசலுக்குப் போகிறது. நியாயம் மேலிருந்து, தேர்ச்சக்கரத்தில் வருகிறது. புண்யகோடியில் முறையிட யாருமில்லை. காட்டில் ஒரு பசு, ஒரு புலி, நடுவில் ஒரு வாக்கு. இவை ஒரே கதை அல்ல.

"புலி ஏன் செத்தது மிஸ்? அதற்குப் பசிக்காதா? பசித்தால் தின்னத்தானே வேண்டும்?" என்று அந்தப் பாட்டுப் பையனே கேட்டான். பள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்து பாடுகிறவன், அதுவரை கேட்டதில்லையாம். அரை மணி நேரம் சண்டை. புலி செய்தது தப்பு, மானைத் தின்றிருக்கலாம் என்று ஒரு கட்சி. மான் மட்டும் அம்மா இல்லையா என்று எதிர்க்கட்சி. என்னிடம் விடை கேட்டார்கள், என்னிடம் இல்லை. அந்தச் சண்டையிலிருந்து முளைத்ததுதான் நாடகம். வசனம் முழுக்கத் தமிழ், பாட்டு மட்டும் கன்னடம்.

இப்போது அல்சூருக்குள்ளேயே நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதைக்கு வருகிறேன். ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை. 1991இல் வைக்கப்பட்டது, எதிர்ப்பால் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. நான் அந்த ஆண்டு ஏழாம் வகுப்பு. டிசம்பரில் காவிரிக் கலவரம். ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருவில் பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். மில் தொழிலாளியான என் அப்பா போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வெகுநாள் வரை அவர் பஸ்ஸில் தமிழ்ப் பத்திரிகையை விரித்ததில்லை. நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து எடுத்தால் வியர்வையில் மை கலங்கியிருக்கும். வள்ளுவரும் மூடிக் கிடந்தார், அப்பாவின் பத்திரிகையும் மூடிக் கிடந்தது என்று பிற்பாடு நினைத்துக்கொள்வேன்.

2009 ஆகஸ்ட் 9 அன்று வள்ளுவரைத் திறந்தார்கள். நான்கு நாள் கழித்து, 13ஆம் தேதி, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரண்டு மாநில முதலமைச்சர்களும் இரண்டு விழாவிலும் நின்றார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. அன்று கூட்டத்தில் நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம்? ஒவ்வொரு ஆண்டும் வள்ளுவருக்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். நம் பிள்ளைகளில் யாருக்காவது சர்வக்ஞரின் மூன்றடி ஒன்றாவது தெரியுமா? எனக்கே நாற்பது வயதுக்குமேல்தான் தெரிந்தது. குறள் இரண்டடி, அவருடைய திரிபதி மூன்றடி. அதில் ஒன்றில் தன்னைப் பற்றியே சொல்கிறார்: எல்லாம் அறிந்தவன் என்று பெயர் வாங்கியவன் கர்வத்தாலா அப்படி ஆனான்? "சர்வரொளகொந்தொந்து நுடிகலிது", அதாவது எல்லோரிடமிருந்தும் ஒவ்வொரு சொல்லாகக் கற்று, கல்வியின் மலையாக ஆனான். நம் வகுப்பறைச் சுவரில் எழுதி ஒட்ட இதைவிடப் பொருத்தமான வரி எனக்குத் தெரியவில்லை. அட்டையில் எழுதியும் வைத்திருக்கிறேன். ஆணியடிக்க அனுமதி கிடைக்கவில்லை.

நம்மவர்களிடம் நான் அஞ்சும் பழக்கம் ஒன்று உண்டு. என்னிடமே இருந்ததால் சொல்கிறேன். எதைக் காட்டினாலும் 'இது நம்மிடம் முன்பே இருக்கிறது' என்போம்.

சிவபக்தரான கன்னடக் கவி பசவண்ணரின் புகழ்பெற்ற வசனம் (கன்னடத்தில் அது ஒரு கவிதை வகை) ஒன்றை முதல்முறை நடத்தியபோது நான் செய்த கூத்து இது. "உள்ளவரு சிவாலய மாடுவரு, நானேன மாடுவே படவனய்யா" என்று தொடங்குவது. உள்ளவர்கள் சிவாலயம் எழுப்புவார்கள், ஏழை நான் என்ன செய்வேன் ஐயா; என் கால்களே தூண்கள், உடலே கோயில், தலையே பொற்கலசம். வாசித்து முடித்த மறுநொடி, "இதைத்தான் திருமூலர் 'உள்ளம் பெருங்கோயில் ஊனுடம்பு ஆலயம்' என்று முன்பே பாடிவிட்டார்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். பிள்ளைகள் நோட்டை மூடினார்கள். முன்பே பாடியாகிவிட்டது என்றால் பிறகு இவரைப் படிப்பானேன்?

மறு ஆண்டு வாயைக் கட்டிக்கொண்டேன். வாசித்துவிட்டுச் சும்மா இருந்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "பசவண்ணர் பிஜ்ஜள ராஜாவிடம் கஜானா அதிகாரியாக இருந்தவர் என்று பள்ளியில் படித்தோமே. அவர் எப்படி ஏழை?" என்று பிடித்தாள். நல்ல பிடி. பணத்தைக் காக்கிறவர் தன்னை ஏழை என்கிறாரே, யாருடைய இடத்தில் நின்று பேசுகிறார்? அங்கிருந்து 12ஆம் நூற்றாண்டுக் கல்யாண நகரம், செருப்புத் தைப்பவரும் படகோட்டியும் துணி வெளுப்பவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசிய சபை, பிராமணர் மகளுக்கும் செருப்புத் தொழிலாளி மகனுக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் திருமணம், அதைத் தொடர்ந்த ரத்தம் என்று பேச்சு ஓடியது. திருமூலர் பாட்டில் உடலுக்குள் ஒரு யோகி அமைதியாக இறங்குகிறார். பசவண்ணர் வாசலில் நின்று, கோயில் கட்டும் பணக்காரனைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். "ஸ்தாவரக்களிவுண்டு, ஜங்கமக்களிவில்ல" என்று முடிக்கிறார். நிற்பது அழியும், நடப்பது அழியாது. இரண்டு பாட்டும் ஒரே உவமையைத் தொட்டு இரண்டு திசையில் போகின்றன. பிரியும் அந்த இடத்தில்தான் அடுத்த வீட்டுக்காரரை எனக்குக் கொஞ்சம் தெரியவந்தது. திருமூலரும் அதற்குப் பிறகுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் அடுக்ககக் காவலர் ராய்ச்சூர்ப் பக்கத்துக்காரர். நான் அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே படியிறங்கியதைக் கேட்டு, உச்சரிப்பைத் திருத்தினார். ஒரு ஞாயிறு வகுப்புக்கு வந்து ஒன்பது வசனங்கள் சொன்னார், காகிதம் இல்லாமல். ஏழாவது படித்தவர். அடுத்த வாரம் ஒரு பெற்றோர், வகுப்புக்குள் வெளியாட்களை விடவேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். பதில் எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன்.

அந்தக் குழுவில் அடிக்கடி பெருமையாக வரும் இன்னொரு செய்தி: 'மாஸ்தி நம்மவர்.' உண்மைதான். 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வீட்டில் தமிழ் பேசியவர். பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அவர் கதை ஒன்றைப் படித்திருக்கிறார்கள்? பேந்திரேக்கு வீட்டில் மராத்தி, கிரீஷ் கார்னாடுக்குக் கொங்கணி, 2025இல் சர்வதேச புக்கர் பெற்ற பானு முஷ்தாக்குக்கு உருது. எல்லோரும் கன்னடத்தில் எழுதினார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் நாளை கன்னடத்தில் எழுதினால் நாம் என்ன சொல்வோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். எழுதட்டும்.

பெரிய பிள்ளைகளுக்கு, பதின்மூன்று வயதுக்குமேல், கன்னடத் தலித் கவிஞர் சித்தலிங்கய்யாவின் தன்வரலாற்றிலிருந்து சில பக்கங்கள் வாசித்தேன். பாவண்ணன் 'ஊரும் சேரியும்' என்று தமிழில் தந்திருக்கிறார். தொடக்கத்திலேயே ஒரு காட்சி: மாடுகளுக்குப் பதிலாக இரண்டு ஆட்களை நுகத்தில் பூட்டி உழுகிறார்கள், வேடிக்கை பார்க்கும் சிறுவன் பார்த்தால், ஒருவர் அவன் அப்பா. வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். மின்விசிறிச் சத்தம்தான். இதைத் தொடர்ந்து வந்த தொலைபேசி அழைப்பையும் மறைக்கவில்லை: "குழந்தைகளுக்குச் சாதிக்கதை வேண்டாமே மேடம்." குழந்தைகளுக்கு ஏற்கெனவே தெரியும். நாம் பேசாமல் இருப்பதும் அவர்களுக்குத் தெரியும்.

என் பங்குக்கு ஒன்று. அந்த நூலில் வரும் நகரம் நான் பிறந்து வளர்ந்த ஸ்ரீராமபுரத்துப் பக்கம். சித்தலிங்கய்யா அங்கே சுடுகாட்டில் போய் உட்கார்ந்து படித்ததைச் சிரிக்கச் சிரிக்க எழுதுகிறார். என் அப்பா வயதுக்காரர். இருவரும் ஒரே குழாயடியில் நின்றுகூட இருக்கலாம். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இப்படி ஒரு கவிஞர் உருவாகிக்கொண்டிருந்தார் என்பது, நான் இரண்டு பிள்ளை பெற்று அல்சூருக்குக் குடிவந்த பிறகு, ஒரு தமிழ் மொழிபெயர்ப்பின் வழியாக எனக்குத் தெரியவந்தது. 2021இல் அவர் கோவிட்டில் இறந்த செய்தியைப் படித்தபோது, பக்கத்துத் தெருவில் துக்கம் என்பதுபோல இருந்தது. போய்த் துக்கம் விசாரிக்கும் அளவுக்கு நான் பழகியிருக்கவில்லை.

இலக்கியம் படித்தால் கலவரம் நின்றுவிடும் என்று நான் சொல்லவரவில்லை. 2016 செப்டம்பர் 12 அன்று காவிரித் தகராறில் இந்த ஊரில் பஸ்களுக்குத் தீ வைத்தவர்களில் புண்யகோடி பாடாமல் வளர்ந்தவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப்போகிறார்கள்? குறளை ஒப்பித்துப் பரிசு வாங்கிய கைகளும் கல்லெறிந்தது உண்டு. பள்ளிகளில் நடக்கும் 'பல்பண்பாட்டு நாள்' மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பிள்ளை வேட்டி கட்டி இட்லித் தட்டோடு நிற்கிறது, இன்னொன்று மைசூர்த் தலைப்பாகையோடு நிற்கிறது, படம் எடுத்ததும் இரண்டும் உடையை மாற்றிக்கொண்டு போய்விடுகின்றன. நான் கேட்பது அதைவிடச் சிறியது, கொஞ்சம் கடினமானது.

மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம். கன்னடத்திலிருந்து ஒரு பாட்டோ, வசனமோ, கதையின் இரண்டு பக்கமோ. கன்னடம் நன்றாக வரும் பிள்ளை வாசிக்கட்டும், மற்றவர்கள் தமிழாக்கட்டும். தேர்வு, ஒப்பித்தல் போட்டி, கேடயம் எதுவும் வேண்டாம். எது மூத்தது, எதிலிருந்து எது வந்தது என்ற பேச்சை அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் வாசலில் செருப்போடு விட்டுவிடலாம். ஒட்டாத இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். அங்கே அவசரப்பட்டு விளக்கம் சொல்லாமல் இருக்க ஆசிரியர்கள் நாம் பழக வேண்டும். அக்கம்பக்கத்தில் கன்னடம் பேசுகிறவர்களை வாசிக்கக் கூப்பிட வேண்டும், காவலரையும் சேர்த்துத்தான்.

அவர்கள் நம்முடையதைப் படிக்கிறார்களா என்று கேட்பீர்கள். குறளுக்குக் கன்னடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்புகள் உண்டு. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏ. கே. ராமானுஜன் கன்னடத்தில் கவிதை எழுதினார். ஒரு கையால் குறுந்தொகையையும் மறு கையால் வசனங்களையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். செம்புலப்பெயல்நீர் லண்டன் சுரங்க ரயிலில் ஒட்டப்பட்டது அவர் மொழிபெயர்ப்பில்தான். ஆனாலும் இந்தக் கேள்விக்குக் கணக்கு எழுதிப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அது அலுவலகத்தில் செய்கிற வேலை.

புண்யகோடி, சர்வக்ஞரின் பத்துத் திரிபதிகள், காவலர் சொன்ன ஒன்பது வசனங்கள், மாஸ்தியின் ஒரு சிறுகதை, சித்தலிங்கய்யாவின் நான்கு பக்கங்கள் எல்லாம் நகலெடுத்துத் தயாராக இருக்கின்றன. ஜூன் மாதம் வகுப்புகள் தொடங்குமுன் நடக்கும் கூட்டத்தில் பத்து நிமிடம் கொடுங்கள், கொண்டுவருகிறேன். நாடகத்தையும் அப்போதே ஒருமுறை போட்டுக்காட்ட அனுமதியுங்கள். மேடை வேண்டாம், பெஞ்சுகளை ஒதுக்கினால் போதும். புலி வேஷத்தை அந்தப் பையனின் அம்மா பழைய மஞ்சள் போர்வையில் தைத்துக் கொடுத்தார். வீட்டில் இன்னும் அதைப் போட்டுக்கொண்டுதான் திரிகிறானாம். வளர்கிற பிள்ளை, ஆடி தாண்டினால் வேஷம் பத்தாது.

இப்படிக்கு,
ஞாயிறு வகுப்பு ஆசிரியை ஒருத்தி,
அல்சூர், பெங்களூரு